துண்டுக்குள் முடிந்த விலை

உட்காருங்க அண்ணா. திருப்பூரிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கீங்க, முதலில் மோர் குடிங்க. வண்டி எங்கேயும் ஓடிப்போகாது. ஓடாததுதான் அதன் குறையே.

மீட்டரைப் பார்த்ததும் உங்க முகம் மலர்ந்ததைக் கவனித்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, இருபதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. எங்க அப்பாவுக்கும் இருந்தது. அதனால்தான் நல்லதைச் சொல்வதற்கு முன்னால் கெட்டதைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். டயர் நாலும் வண்டியோடு வந்தவை. தேய்மானமே இருக்காது. ஆனால் ஓரத்தில் குனிந்து பாருங்க, ரப்பர் வெடித்திருக்கும். பின்னால் இடது சக்கரத்துக்கு மேலே ஒரு காற்றுப் பை இருக்கிறது. இந்த மாதிரி விலை உயர்ந்த கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதுதான். அது கசிகிறது. ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தால் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து, படுக்கப் பார்க்கிற எருமை மாதிரி நிற்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். ஏசிக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. வயர்களை மாற்றிவிட்டேன். வாசனையை மாற்ற முடியவில்லை.

சிரிக்கிறீங்க. விற்கிறவன் இப்படிப் பேசினால் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும். நான் கோவையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன் அண்ணா. விபத்து என்று சொல்லி வருகிற காகிதங்களில் எது நிஜம், எது பொய் என்று பார்க்கிற வேலை. பொய் சொன்னால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவனுக்குப் பொய் வராது. அது நல்ல குணம் இல்லை, பயம்.

வாங்கியே சில மாதம்தானே ஆகிறது, அதற்குள் ஏன் விற்கிறாய் என்று கேட்டீங்க. அதைத்தான் சொல்ல வருகிறேன். சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கங்க.

முதலில் ஆசைதான். ஒரு நாள் மழையில் எங்க மேனேஜர் என்னைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இதே மாதிரி வண்டி, புதிது. ஏறிக் கதவைச் சாத்தினேன். வெளியே இருந்த அத்தனை சத்தமும் நின்றுவிட்டது. காந்திபுரம் அண்ணா, சாயங்கால நேரம். ஹார்ன் இல்லை, கண்டக்டர் விசில் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குத் தலைக்குள் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்குமோ, நேற்று அனுப்பின மெயிலில் ஒரு எண் தப்போ, மேனேஜர் காலையில் ஏன் அப்படிப் பார்த்தார் என்று. அந்தக் கொஞ்ச நேரம் அதுவும் நின்றது. பஸ் ஸ்டாண்டு வந்தபோது இறங்க மனசில்லை.

புதிதை வாங்க இந்த ஜென்மத்தில் முடியாது. ஆனால் பத்து வருஷம் பழையது என்றால் ஒரு சின்னப் புதுக் காரின் விலைக்குக் கிடைக்கிறது என்று போனில் பார்த்தேன். அதிலிருந்து அதே பார்வைதான். பழைய வண்டி வாங்குவது எப்படி, எதைச் சோதிக்கணும், ஓடாமல் நின்ற வண்டியில் என்ன கெடும், எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க வேண்டாம் என்று தெரிந்தது. பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். முதல் ஆள் ஆசைப்பட்டால் அது வீட்டுக்கு ஆகிற ஆசையாக இருக்கணும். மேலே ஒரு தளம் போடணும் என்று அம்மா எத்தனையோ நாளாகச் சொல்கிறாள். அதற்காகச் சேர்த்து வைத்த பணமும் இருந்தது. அந்தப் பணத்தை எடுத்து, சத்தம் நிற்கிறதுக்காக ஒரு வண்டி வாங்கினேன் என்று எவனாவது சொல்லுவானா?

ஆனால் அம்மா என் போனை எட்டிப் பார்த்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா மாட்டுத் தரகர். பேர் வெள்ளிங்கிரி. பொள்ளாச்சிச் சந்தையில் கேட்டால் சொல்லுவார்கள். நீங்க மாட்டுச் சந்தை பார்த்திருக்கீங்களா? இல்லையா? அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள் அண்ணா. விற்கிறவரும் வாங்குகிறவரும், இல்லை அவர்களுக்காகத் தரகரும், கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்தான் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்கள், எப்படி அழுத்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. வெளியே மழை வருமா, பருத்திக்கொட்டை என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. யார் யாரைக் குறைத்துக் கேட்டார்கள் என்று ஊருக்குத் தெரியாது. விலை படிந்தால் துண்டை எடுப்பார்கள். எடுத்தபிறகு பேச்சு கிடையாது. கை போட்டாச்சு என்றால் போட்டாச்சுதான். அப்பாவுக்கு அதுதான் முதலீடு. வேறு எதுவும் வைத்து அவர் தொழில் செய்யவில்லை.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "ஏண்டா தரணி, ஆனைமலைப் பக்கம் தேங்காய் நார் மில்லுக்காரர் தெய்வசிகாமணி ஒரு பெரிய காரு விக்கறாராமா. ஓடவே இல்லையாமா. போய்ப் பாக்கலாமா?" என்றார்.

"ஓடாத வண்டி நல்லதில்லீங்கப்பா."

"பூட்டாத காளை மாதிரிதானே?"

"காளை மாதிரி இல்லீங்கப்பா. நின்ன வண்டி கெட்டுப்போகும்."

"நின்ன காளையும் கெட்டுத்தான் போகும். கொழுப்பெடுத்துப்போயி முட்டும். அதுக்குத் தகுந்த வெல குடுக்கறோம். பாக்கறதுக்கு என்ன காசா கேக்கறாங்க? கெளம்பு."

நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன். நான் பேசிக்கொள்கிறேன், நீங்க சும்மா இருங்க என்று. "நான் என்னத்தப் பேசப் போறேன், எனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாது" என்று சிரித்தார். இப்போதும் சொல்கிறேன் அண்ணா, நான் தெளிவாகச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். மனசுக்குள் வேண்டாம் என்ற முடிவோடுதான் போனேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன்.

தெய்வசிகாமணி மரியாதையான மனுஷர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதில்லை, பையன் வெளிநாட்டில். கொட்டகையில் நின்றே வயசான வண்டி இது. "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெச்சுருவோமுங்க" என்றார். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். நான் டயரில் இருக்கிற தேதியைப் பார்த்தேன், ஆயில் தொட்டுப் பார்த்தேன், எலிக் கூட்டைக் கண்டுபிடித்தேன். பின்பக்கம் சாய்வு தெரிந்ததும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் படுத்து, போன் லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தேன்.

படுத்திருந்தபோதுதான் பேச்சு நின்றது. அதுவரைக்கும் தென்னைக்கு வெள்ளை ஈ வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். எனக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்தான். அப்பாவின் டயர் செருப்பு. தெய்வசிகாமணியின் தோல் செருப்பு. எதிரெதிராக, விரல் விரலைத் தொடுகிற அளவுக்குப் பக்கத்தில். சின்ன வயசில் சந்தையில் மாட்டு வண்டிக்கு அடியில் உட்கார்ந்து நான் எத்தனையோ தடவை பார்த்த கால்கள்தான் அவை. என்ன நடக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. "அப்பா" என்று எழுந்தேன். நெற்றி இரும்பில் இடித்தது. வெளியே ஊர்ந்து வருவதற்குள் அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு.

"முடிஞ்சுதுடா. ஒரு நூறு ரூபாய அட்வான்சாக் குடு, சாஸ்திரத்துக்கு" என்றார் அப்பா.

அங்கே மில் ஆட்கள் நார் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகப் பேசியிருக்கலாம். எனக்குப் பதற்றம் வந்தால் விவரமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன் அண்ணா, அது என் பழக்கம். டயர், காற்றுப் பை, எலி, ஆயில், ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், "இது சந்தை இல்லீங்கப்பா. நான் இன்னும் முடிவே பண்ணல. உங்களை யாரு கை போடச் சொன்னா?" என்றேன்.

தெய்வசிகாமணிதான் முதலில் பேசினார். "அதனாலென்னங்க. தம்பி படிச்சவரு, நாலையும் பாத்துத்தானே வாங்குவாரு. நாம பேசினது பேசாத மாதிரி" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். நான் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். ரப்பர் எப்படிக் காயும், காற்றுப் பைக்கு என்ன செலவு, எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். ஊர் வரும்போது, "எவ்வளவுக்கு முடிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார்.

கேட்கவில்லைதான். அப்புறம் அம்மா சொன்னாள். ரிப்பேர் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விலைக்கும் அந்த வண்டி கட்டுப்படியாகாது. கொஞ்சம்தான், ஆனாலும் கட்டாது. நான் சொன்னதுதான் சரி. உங்களுக்கு வேண்டுமானால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சரியாக இருந்ததில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்த சந்தைக்குப் போன அப்பா மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். தலைவலி என்று படுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த சந்தைக்குப் போகவில்லை. அவரோடு சேர்ந்து தரகு பார்க்கிற நாச்சிமுத்து மாமா எனக்குப் போன் செய்தார்.

"தரணி, நீ பெரிய படிப்புப் படிச்சவன். உங்கிட்டக் கேட்டுக்கறேன். இனிமே உங்கப்பன் மாடு வெல பேசறதுன்னா உனக்குப் போன் போடட்டுங்களா?"

"என்னங்க மாமா ஆச்சு?"

"தெய்வசிகாமணி நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல. அவரு மச்சான் எருமை வாங்க வந்தான். உங்கப்பன் துண்டப் போட்டுக் கையப் புடிச்சான். அவன் கைய உருவிக்கிட்டுச் சொல்றான், 'மொதல்ல உம்பட பையனக் கூட்டிட்டு வாய்யா, எருமைக்கு அடியில படுத்துப் பாத்துட்டு அவன் சொல்லட்டும்'னு. சந்தையே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது."

அவரே மறுபடியும் சொன்னார். "நீ மண்ணுல படுத்தியாமா. 'அத்தன ஆசை இருக்குது மாப்ள, வாயத் தொறந்து கேக்க வரல அவனுக்கு, அதான் நானே முடிச்சுட்டேன்'னு உங்கப்பன் எங்கிட்டச் சொன்னான். உனக்குத் தெரியட்டும்னு சொல்றேன்."

என்னைப் பற்றி அவர் நினைத்தது தப்பில்லை அண்ணா. ஆசை இருந்தது. நான் சொன்ன டயர், காற்றுப் பை எல்லாம் உண்மை. ஆனால் அவ்வளவு உண்மையைச் சொன்ன நான், 'எனக்கு இது வேணும், பயமா இருக்குது' என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் கை போட்டிருக்க மாட்டார்.

அப்புறம் நான் செய்ததை ஆபீஸில் யாராவது செய்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். லீவு போட்டுவிட்டுத் தனியாக ஆனைமலை போனேன். வண்டியை எடுத்துக்கொள்கிறேன், அப்பா பேசின விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வாங்கிவிட்டால் அப்பாவின் வார்த்தை நின்றதாகிவிடும் இல்லையா?

தெய்வசிகாமணி என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். "அந்த வெல உங்கப்பாவும் நானும் தொட்டுப் பேசினது தம்பி. அது அன்னைக்கே கலைஞ்சுபோச்சு. நீங்க வேணும்னா புதுசாப் பேசுங்க" என்றார்.

எனக்குப் பேச வராது. அவர் முதலில் சொன்ன விலையையே கொடுத்தேன். இத்தனை கெட்டது இருக்கிறது என்று நானே ஊர் கேட்கச் சொன்ன வண்டியை, அப்பா முடித்ததைவிட அதிகம் கொடுத்து வாங்கிவந்தேன். மேல் தளத்துக்கு வைத்திருந்த பணம் இதோ உங்க முன்னால் நிற்கிறது.

அம்மா எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் சுற்றினாள். அப்பா வெளியே வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். "நல்லா இருக்குது" என்றார். என்ன விலை என்று கேட்கவில்லை. அடுத்த சந்தை நாளில், "வாங்கப்பா, நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்று கதவைத் திறந்து வைத்தேன்.

"இதுல போய் எறங்கினா எவன்டா என்னய மாட்டுக்கு வெல பேசக் கூப்பிடுவான்? எம்எல்ஏன்னு நெனச்சு மனுக் குடுப்பானுங்க" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைத்தேன். ஆனால் இன்றுவரை ஏறவில்லை அண்ணா. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அப்போதும் அவர் பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வந்தார். கோபமாக இருக்கிறாரா என்றால் இல்லை. என்னோடு நன்றாகப் பேசுகிறார். சந்தைக்கும் போகிறார். நாச்சிமுத்து மாமா கை போடுகிறார், இவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சில நாள் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் நின்றுவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே நான் மட்டும் இருப்பேன். தலைக்குள் ஓடுவதெல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

அதனால்தான் விற்கிறேன். இதுதான் காரணம், வேறு கோளாறு எதுவும் இல்லை.

அண்ணா, ஒரு உதவி கேட்கலாமா? நீங்க கேட்கிற விலைக்கும் நான் நினைத்திருப்பதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் என்னிடம் முடிக்காதீங்க. அப்பா பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றே கேட்டேன், "உன்ற வண்டி, நீயே பேசு" என்றுவிட்டார். நீங்களாகக் கேட்டால் மறுக்க மாட்டார். பெரியவரே, உங்களிடம்தான் விலை பேசணும், உங்க வழக்கப்படியே பேசலாம் என்று சொல்லிக் கையை நீட்டுங்க. துண்டைப் போடுவார். எந்த விரலைப் பிடித்தாலும் தலையை ஆட்டிவிடுங்க. அவர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று உங்களுக்குப் புரியவே வேண்டியதில்லை. ஊருக்குப் போய் எனக்குப் போன் செய்யுங்க, நாம் இரண்டு பேரும் பேசி ஒரு விலை வைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் முடித்துக்கொடுத்ததாக இருக்கட்டும்.

ஏன் அண்ணா டம்ளரைக் கீழே வைத்துவிட்டீங்க?

என்ன கேட்டீங்க? அவர் பிடிக்கிற விலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், வேண்டாம் என்று துண்டுக்குள் எப்படிச் சொல்வது என்றா?

அதற்கும் ஒரு பிடி இருக்கும் அண்ணா. இருக்கணும். எத்தனையோ மாடு விலை படியாமல் திரும்பி வருகிறதே. யாரும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. உள்ளேயே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் டீ குடிக்கப் போவார்கள். ஆனால் அது எந்த விரல் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

இல்லை, நீங்க சொல்வது புரிகிறது. தலையாட்ட வர மாட்டீங்க. பேசுவதானால் நிஜமாகப் பேசத்தான் வருவீங்க. வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லுவீங்க, அந்தப் பிடியையும் அவரிடமே கேட்டுக்கொள்வீங்க.

சரி அண்ணா. அப்படியென்றால் போனில் பேச ஒன்றும் இல்லை. அவர் எந்த விலைக்கு முடிக்கிறாரோ அதுதான் விலை. நான் போட்டதில் பாதி வந்தாலும் அதுதான். படியாவிட்டால் வண்டி இங்கேயே நிற்கட்டும். ஆர்சி என் பேரில் இருக்கிறது, எங்கே கையெழுத்துப் போடணுமோ போடுகிறேன்.

டயரும் காற்றுப் பையும் உங்களுக்குச் சொல்லியாச்சு என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து அவரே மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொல்லுவார்.

வருகிறார். "அப்பா, இவங்க உங்களப் பாக்கணுமாமா."

நான் உள்ளே போகிறேன் அண்ணா. இங்கே நின்றால் வாயைத் திறந்துவிடுவேன்.